ஒரே மாடல் லேப்டாப், உள்ளே வேறு ஸ்கிரீன்: கண் வலிக்கு ஒரு காரணம்

ஒரே மாடல் நம்பர், ஒரே ராம், ஒரே விலை, பெட்டியின் மேல்கூட ஒரே படம். அப்படி வாங்கிய இரண்டு லேப்டாப்களில் ஒன்றின் முன்னால் நாள் முழுக்க உட்கார்ந்தாலும் ஒன்றும் ஆகாது. இன்னொன்றின் முன்னால் உட்கார்ந்தால் மத்தியானத்துக்குள் கண் எரிந்து, நெற்றிப்பொட்டில் வலி பிடித்துவிடும். இதை வெளியில் சொன்னால் "தூக்கம் பத்தலை", "கண்ணாடி பவர் மாறியிருக்கும்", "எல்லாம் மனசுதான்" என்று ஆளுக்கொன்று சொல்வார்கள். கண்ணைக் காட்டுவது நல்லதுதான், அதற்கு அப்புறம் வருகிறேன். ஆனால் அந்த இரண்டு லேப்டாப்பும் ஒன்றே என்று நினைக்கிறோமே, அங்கேதான் கதையே தொடங்குகிறது.

லேப்டாப்பில் பெயர் போட்டு விற்கும் கம்பெனிகள் பெரும்பாலும் ஸ்கிரீனைத் தாங்களே செய்வதில்லை, வெளியில் வாங்குகிறார்கள். கொரியாவின் எல்ஜி டிஸ்ப்ளே, சாம்சங் டிஸ்ப்ளே, தைவானின் ஏயுஓ, இன்னோலக்ஸ், சீனாவின் பிஓஇ, சிஎஸ்ஓடி, ஐவிஓ, ஜப்பானின் ஷார்ப் என்று உலகத்து லேப்டாப் ஸ்கிரீன்களில் பெரும்பகுதி ஒரு கைப்பிடிக் கம்பெனிகளிடமிருந்தே வருகிறது. லட்சக்கணக்கில் விற்கிற ஒரு மாடலுக்கு ஒரே ஆலையை நம்பி இருந்தால், அங்கே சரக்கு நின்றால் விற்பனையும் நின்றுவிடும், விலை பேசவும் பிடி இருக்காது. அதனால் ஒரே மாடலுக்கு இரண்டு மூன்று இடங்களில் ஸ்கிரீன் வாங்குவதுதான் வழக்கம். உங்கள் கைக்கு வருவது எந்த ஆலையுடையது என்பது அந்த வாரம் அசெம்பிளி லைனில் எந்தப் பெட்டி திறந்திருந்தது என்பதைப் பொறுத்தது. லேப்டாப் பைத்தியங்கள் இதற்குப் 'பேனல் லாட்டரி' என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். பேனல் என்றால் ஸ்கிரீனின் உள்ளே இருக்கும் மொத்தப் பொருள்: திரவப் படிகத் தகடு, பின்னாலிருந்து வெளிச்சம் தரும் பேக்லைட், இரண்டையும் ஓட்டும் சின்ன சர்க்யூட் போர்டு எல்லாம் சேர்ந்தது.

இதெல்லாம் மலிவு மாடல்களில்தான் நடக்கும் என்று நினைக்க வேண்டாம். 2012 ஜூனில் ஆப்பிள் முதல் ரெட்டினா மேக்புக் ப்ரோவை விட்டது. 15 அங்குலம், 2880க்கு 1800 புள்ளிகள், அமெரிக்காவில் ஆரம்ப விலையே 2,199 டாலர். அதில் சிலருக்கு எல்ஜி பேனல் வந்தது, சிலருக்குச் சாம்சங். எல்ஜி வந்தவர்களில் பலர், ஒரு ஜன்னலை மூடிய பிறகும் அதன் மங்கலான நிழல் திரையில் தங்கிவிடுகிறது என்று புகார் செய்யத் தொடங்கினார்கள். கமாண்ட் ஒன்றைத் தட்டி, விடை 'எல்பி' என்று தொடங்கினால் எல்ஜி, 'எல்எஸ்என்' என்று தொடங்கினால் சாம்சங் என்று ஆளாளுக்குப் பார்த்துக்கொண்டார்கள். அது கண் வலிப் பிரச்சினை இல்லை, நிழல் தங்கும் பிரச்சினை. ஆனாலும் ஒரே பெயர், ஒரே விலைக்குள் இரண்டு வேறு பொருள் இருக்க முடியும் என்பது பலருக்கு அப்போதுதான் உறைத்தது.

சரி, ஸ்பெசிஃபிகேஷன் தாளில் எல்லாம் போட்டிருப்பார்களே? போட்டிருப்பார்கள்: 14 அங்குலம், ஃபுல் ஹெச்டி, 300 நிட்ஸ் (வெளிச்சத்தின் அளவு), 45% என்டிஎஸ்சி (காட்டக்கூடிய நிறங்களின் அளவு), ஐபிஎஸ் (பக்கவாட்டிலிருந்து பார்த்தாலும் நிறம் அதிகம் மாறாத பேனல் வகை). இந்த வரம்புக்குள் வரும் எந்தப் பேனலையும் அவர்கள் போட்டுக்கொள்ளலாம். ஐபிஎஸ் என்ற சொல்லே பல இடங்களில் 'ஐபிஎஸ் லெவல்' என்று வழுக்கிக்கொண்டு வரும், டெல்லில் 'டபிள்யூவிஏ' என்று இருக்கும். ஏயுஓ அதே வகையை ஏஹெச்விஏ என்கிறது, பிஓஇ ஏடிஎஸ் என்கிறது, சாம்சங் பிஎல்எஸ் என்றது, இவை எல்லாவற்றுக்கும் பொதுவாக ஒரு பெயர் வேண்டுமல்லவா, அதற்குத்தான் இந்த வழுக்கல். வெளிச்சம் எவ்வளவு, நிறம் எவ்வளவு, புள்ளி எத்தனை என்பதெல்லாம் தாளில் உண்டு. அந்த வெளிச்சம் ஒரு நொடிக்குள் எப்படி நடந்துகொள்கிறது என்பது மட்டும் அநேகமாக எந்தத் தாளிலும் இருக்காது. கண்ணைப் படுத்துவது பெரும்பாலும் அந்தச் சேதிதான்.

அணைந்து எரியும் வெளிச்சம்

பிரைட்னஸைக் குறைக்கும்போது உள்ளே என்ன நடக்கிறது? பேக்லைட் எல்இடிக்குப் போகும் கரண்ட்டைக் குறைப்பது ஒரு வழி. இதை டிசி டிம்மிங் என்பார்கள், வெளிச்சம் நிலையாக இருக்கும், அளவு மட்டும் குறையும். இன்னொரு வழி, கரண்ட்டைக் குறைக்காமல் எல்இடியை முழு வெளிச்சத்தில் எரியவிட்டு உடனே அணைத்து மறுபடி எரியவிடுவது. எரியும் நேரம் குறையக் குறைய, கண்ணுக்கு மங்கலாகத் தெரியும். இதற்குப் பெயர் பிடபிள்யூஎம், பல்ஸ் விட்த் மாடுலேஷன். நொடிக்கு 200 முறை, அதாவது 200 ஹெர்ட்ஸில் ஓடும் பேக்லைட்டை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு சுற்றுக்கு 5 மில்லி விநாடி. பிரைட்னஸ் 30 சதவீதம் என்றால் அதில் ஒன்றரை மில்லி விநாடி முழு வெளிச்சம், மீதி மூன்றரை மில்லி விநாடி கும்மிருட்டு. உங்களுக்குத் தெரிவது மிதமான வெளிச்சம். கண்ணுக்குள் விழுவது நொடிக்கு 200 வெட்டு.

ஏன் இப்படிச் செய்கிறார்கள் என்றால், இது மலிவு, எளிது, அடிமட்டம் வரை வெளிச்சத்தைச் சீராக இறக்க முடியும். கரண்ட்டை ரொம்பக் குறைத்தால் எல்இடியின் நிறம் லேசாக மாறும், வரிசையில் உள்ள எல்இடிகள் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகாது. பிடபிள்யூஎம்மில் இந்தத் தொல்லை இல்லை. இரண்டையும் கலந்து, மேல்பாதியில் டிசி, கீழ்பாதியில் பிடபிள்யூஎம் என்று ஓட்டும் பேனல்களும் நிறைய உண்டு. பகலில் முழு பிரைட்னஸில் ஒன்றும் தெரியாமல், ராத்திரி குறைத்து வைத்தால் மட்டும் கண் வலிக்கிறது என்று சிலர் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

பழைய லேப்டாப்பில் இப்படி இல்லையே என்பவர்கள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. எல்இடிக்கு முன்னால் பேக்லைட்டாக இருந்தது சிசிஎஃப்எல் எனும் குச்சி போன்ற சின்ன டியூப் லைட். அதன் உட்பூச்சு அணைத்த பிறகும் கொஞ்ச நேரம் மினுங்கிக்கொண்டிருக்கும், அதனால் வெட்டின் கூர்மை மழுங்கிவிடும். எல்இடி அப்படி இல்லை, கரண்ட்டை நிறுத்தினால் அந்தக் கணமே இருட்டு. 2010 வாக்கில் லேப்டாப்கள் மொத்தமாக எல்இடிக்கு மாறியபோது மின்சாரம் மிச்சமானது, கனம் குறைந்தது, வெட்டும் கூர்மையானது.

நொடிக்கு 200 முறை அணைவது கண்ணுக்குத் தெரியாதே, தெரியாதது எப்படி வலிக்கும்? நியாயமான கேள்வி. ஒரே இடத்தை உற்றுப் பார்க்கும்போது, ஏறக்குறைய 60 முதல் 90 ஹெர்ட்ஸுக்கு மேல் போனால் மினுமினுப்பு தெரியாது, எல்லாம் ஒன்றாகக் கலந்துவிடும். ஆனால் படிக்கும்போது கண் ஒரே இடத்தில் நிற்பதில்லை. வரியில் நொடிக்கு மூன்று நான்கு முறை தாவுகிறது, ஒவ்வொரு தாவலும் சுமார் 30 மில்லி விநாடி. 200 ஹெர்ட்ஸ் பேக்லைட் அந்த நேரத்துக்குள் ஆறு முறை மின்னிவிடும். கண் நகர்ந்துகொண்டிருப்பதால் அந்த ஆறு மின்னலும் விழித்திரையில் ஆறு வேறு இடங்களில் விழும். வெளிச்சம் நிலையாக இருந்திருந்தால் ஒரே இழுப்பாகத் தேய்ந்து போயிருக்கும், இப்போது துண்டு துண்டாக நிற்கிறது. ராத்திரி சாலையில் சில கார்களின் பின்பக்க எல்இடி விளக்கைத் தாண்டிச் சட்டென்று பார்வையைத் திருப்பினால் சிவப்புப் புள்ளிகள் வரிசையாகத் தெறிப்பதைப் பார்த்திருப்பீர்கள், அதே விஷயம்தான் இது. கலக்கும் எல்லையைத் தாண்டிய மினுமினுப்பைக்கூட, நாம் உணராவிட்டாலும், விழித்திரையும் மூளையும் ஓரளவுக்குப் பிடித்துக்கொள்கின்றன.

இதற்கு நல்ல சாட்சி ஒன்று உண்டு, அது கம்ப்யூட்டர் ஸ்கிரீன் பற்றியதே இல்லை. பழைய சோக் வைத்த டியூப் லைட், 50 ஹெர்ட்ஸ் கரண்ட்டில் நொடிக்கு 100 முறை மினுக்கும். அந்த வெளிச்சத்தில் ஃபேன் றெக்கை பின்பக்கமாகச் சுற்றுவது போலத் தெரியுமே, அதனால்தான். பிரிட்டனில் அர்னால்ட் வில்கின்ஸ் என்ற ஆய்வாளரும் கூட்டாளிகளும் ஓர் அலுவலகத்தில் சில காலம் அந்தச் சாதாரண சோக்கையும், சில காலம் 32 கிலோஹெர்ட்ஸில் ஓடும் எலெக்ட்ரானிக் சோக்கையும் போட்டுப் பார்த்தார்கள், எப்போது எது எரிகிறது என்று உட்கார்ந்து வேலை செய்தவர்களுக்குத் தெரியாது. 1989இல் வெளியிட்ட முடிவு: எலெக்ட்ரானிக் சோக் எரிந்த காலத்தில் தலைவலியும் கண் வலியும் சராசரியாகப் பாதிக்கும் கீழே குறைந்தன. மினுக்குவது யாருக்கும் கண்ணில் படவில்லை, தலை மட்டும் வலித்தது.

ஐஇஇஇ என்ற பொறியாளர் அமைப்பு 2015இல் எல்இடி விளக்குகளுக்கு 1789 என்ற எண்ணில் ஒரு பரிந்துரை வெளியிட்டது. அதன் கணக்கு எளிது: 90 முதல் 1,250 ஹெர்ட்ஸ் வரை, ஹெர்ட்ஸை 0.08ஆல் பெருக்கினால் வருவதுதான் ஆபத்து குறைவான ஏற்ற இறக்கத்தின் எல்லை, சதவீதத்தில். 200 ஹெர்ட்ஸுக்கு 16 சதவீதம், 240க்கு 19.2. பிடபிள்யூஎம்மில் வெளிச்சம் முழுதாக அணைந்து எரிவதால் ஏற்ற இறக்கம் 100 சதவீதம். 1,250க்கு மேல் போனால் இந்த எல்லை கிடையாது. அதனால் 200 ஹெர்ட்ஸ் பேனலும் 20,000 ஹெர்ட்ஸ் பேனலும் இரண்டுமே பிடபிள்யூஎம்தான் என்றாலும், இரண்டையும் ஒரே தட்டில் வைத்துப் பேசுவது சரியில்லை. பிடபிள்யூஎம் என்ற பெயரைக் கேட்டதுமே ஓடுபவர்களுக்காகச் சொல்கிறேன்.

ஓஎல்இடி லேப்டாப் வாங்கப் போகிறவர்கள் இந்த இடத்தில் கொஞ்சம் நிதானிக்க வேண்டும். ஓஎல்இடியில் தனி பேக்லைட் கிடையாது, ஒவ்வொரு புள்ளியும் தானே எரிகிறது. கரண்ட்டைக் குறைத்தால் புள்ளிக்குப் புள்ளி வெளிச்சம் மாறி, திட்டுத் திட்டாகத் தெரியும் என்பதால் அங்கேயும் பிடபிள்யூஎம்தான், அதுவும் பல லேப்டாப்களில் 240 ஹெர்ட்ஸ் அளவில். நிறம் அள்ளும், கறுப்பு கறுப்பாகவே இருக்கும், படம் பார்க்க அதை அடிக்க ஆளில்லை. நாள் முழுக்கப் புரோகிராம் எழுதுபவர், கணக்குப் பார்ப்பவர், ஏற்கெனவே மைக்ரேன் உள்ளவர் என்றால் ஒரு நாளாவது கையில் வைத்துப் பார்க்காமல் நான் வாங்கச் சொல்ல மாட்டேன்.

பிடபிள்யூஎம் இல்லை, ஆனாலும் வலிக்கிறது

அப்படியும் நடக்கும். மலிவு பேனல்கள் பலவும் 6 பிட். ஒரு நிறத்துக்கு 64 படிகள், மொத்தம் 2,62,144 நிறங்கள். 8 பிட் என்றால் 256 படிகள், 1.67 கோடி நிறங்கள். 6 பிட் பேனல் தன்னிடம் இல்லாத நிறத்தைக் காட்ட ஒரு தந்திரம் செய்யும்: 40ஆம் படிக்கும் 41ஆம் படிக்கும் நடுவில் ஒரு நிறம் வேண்டுமென்றால், ஒரு ஃபிரேமில் 40, அடுத்ததில் 41 என்று அதே புள்ளியை மாற்றி மாற்றி ஓட்டும். கண் இரண்டையும் சேர்த்து நடு நிறமாக எடுத்துக்கொள்ளும். இதற்கு எஃப்ஆர்சி என்று பெயர், தாளில் '1.62 கோடி நிறங்கள்' என்று கொஞ்சம் குறைவாகப் போட்டிருந்தால் இதுதான் என்று ஊகிக்கலாம். சில நேரம் பேனலுக்குப் பதிலாகக் கிராஃபிக்ஸ் சிப்பே இந்த வேலையைச் செய்யும். அசையாத ஒரு சாம்பல் நிறப் பக்கம், உள்ளே லட்சக்கணக்கான புள்ளிகளாக அசைந்துகொண்டே இருக்கிறது. பெரும்பாலானோருக்கு ஒன்றும் ஆகாது, சிலர் இதைத் தாங்க முடியவில்லை என்கிறார்கள்.

இன்னொன்று இன்வர்ஷன். திரவப் படிகத்துக்கு ஒரே திசையில் மின்னழுத்தம் கொடுத்துக்கொண்டே இருந்தால் கெட்டுவிடும், அதனால் ஃபிரேமுக்கு ஃபிரேம் பிளஸ், மைனஸ் என்று திசையை மாற்றுவார்கள். இரண்டு பக்கமும் சமமாக இருந்தால் வித்தியாசம் தெரியாது. ஆலையில் அந்தச் சமன் சரியாகச் செட் ஆகவில்லை என்றால், 60 ஹெர்ட்ஸ் ஸ்கிரீனில், அதாவது நொடிக்கு 60 ஃபிரேம் காட்டும் ஸ்கிரீனில், நொடிக்கு 30 முறை லேசான துடிப்பு வரும். இது பேனலுக்குப் பேனல் மாறும், ஒரே ஆலையின் ஒரே பேனலில்கூட மாறும்.

பிறகு மேட் பூச்சு. எதிரொளி அடிக்காமல் இருக்க மேற்பரப்பைச் சொரசொரப்பாக்குகிறார்கள், அது கரடாக இருந்தால் வெள்ளைப் பக்கத்தில் மணல் தூவியது போல மினுங்கும், கண் எங்கே ஃபோகஸ் செய்வது என்று தடுமாறும். எந்த ஆலை எந்தப் பூச்சு போடுகிறது என்பது தாளில் வராது.

நீல வெளிச்சத்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லையே என்று கேட்பீர்கள். கண் வலிக்கு அதை முதல் குற்றவாளியாக நிறுத்துவதில் எனக்கு நம்பிக்கை இல்லை. 2023இல், மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து எடைபோடும் காக்ரேன் அமைப்பு 17 சோதனைகளைத் திரட்டிப் பார்த்து, நீல ஒளியை வடிகட்டும் கண்ணாடிகள் சாதாரணக் கண்ணாடியைவிடக் கண் களைப்பைக் குறைப்பதாகத் தெரியவில்லை, குறுகிய காலத்திலாவது, என்று சொன்னது. கண்ணாடிக் கடையில் 'ப்ளூ கட்' போடலாமா சார் என்று கேட்டால், அந்தக் காசை மிச்சம் பிடித்துக்கொள்ளலாம்.

உங்களுடையது எந்தப் பேனல்?

கழற்றிப் பார்க்க வேண்டியதில்லை. ஒவ்வொரு ஸ்கிரீனும் தன்னைப் பற்றிய ஒரு சின்னக் குறிப்பை, அடிப்படையாக 128 பைட், உள்ளே வைத்திருக்கும். அதற்கு இடிஐடி என்று பெயர். விண்டோஸில் டிவைஸ் மேனேஜரைத் திறந்து, மானிட்டர்ஸ் என்பதை விரித்து, அங்கே இருக்கும் 'ஜெனரிக் பிஎன்பி மானிட்டர்' மேல் வலது கிளிக், ப்ராப்பர்ட்டீஸ், டீடெய்ல்ஸ், கீழிறங்கும் பட்டியலில் ஹார்ட்வேர் ஐடிஸ். மானிட்டர் என்ற வார்த்தைக்குப் பின்னால் மூன்று ஆங்கில எழுத்தும் ஒரு நான்கு இடக் குறியும் தெரியும். எல்ஜிடி என்றால் எல்ஜி, எஸ்டிசி என்றால் சாம்சங், ஏயுஓ, பிஓஇ, ஐவிஓ எல்லாம் அதேதான், சிஎஸ்ஓ என்றால் சிஎஸ்ஓடி. சிஎம்என் என்று வந்தால் குழம்ப வேண்டாம், அது இன்னோலக்ஸ்: 2010இல் சி மெய் என்ற கம்பெனியோடு சேர்ந்ததன் மிச்சம். லெனோவோ சில மாடல்களில் தன் பெயரையே எல்இஎன் என்று எழுதி வைத்துவிடும், அப்போது ஹெச்டபிள்யூ இன்ஃபோ போன்ற ஒரு மென்பொருளில் பார்த்தால் முழுப் பேனல் எண் கிடைக்கும். எல்பி140 என்று தொடங்கினால் எல்ஜியின் 14 அங்குலம், பி140 ஏயுஓ, என்140 இன்னோலக்ஸ், என்வி140 பிஓஇ. லினக்ஸில் இடிஐடி டிகோட் என்ற சின்னக் கருவி இதே வேலையைச் செய்யும்.

எண் கிடைத்த பிறகுதான் ரிவ்யூ படிப்பதற்கே அர்த்தம் வரும். நோட்புக்செக் போன்ற தளங்கள் பேனல் எண்ணையும் போட்டு, பிடபிள்யூஎம் எத்தனை ஹெர்ட்ஸ், எந்தப் பிரைட்னஸுக்குக் கீழே தொடங்குகிறது என்றும் அளந்து போடுகிறார்கள். பலர் 'பிடபிள்யூஎம் இல்லை' என்ற வரியை மட்டும் பார்த்து அந்த மாடலை வாங்கிவிட்டு, வந்தது வேறு பேனல் என்று தெரிந்து திகைக்கிறார்கள். ரிவ்யூ செய்தவருக்கு வந்த பேனலைப் பற்றித்தான் அந்த வரி. இன்னொரு சிக்கலும் உண்டு: பேக்லைட்டை ஓட்டும் சிக்னல் பல லேப்டாப்களில் கிராஃபிக்ஸ் சிப்பிலிருந்து போகிறது, அதன் வேகத்தை முடிவு செய்வது லேப்டாப் கம்பெனி. அதனால் அதே பேனல் எண் வேறு மாடலில் வேறு மாதிரி நடந்துகொள்ளலாம். மாடலும் பேனலும் இரண்டும் பொருந்தினால்தான் நம்பலாம்.

நாமே பார்க்கவும் வழி இருக்கிறது. எங்கள் அலுவலகத்தில் ஒரே ஆர்டரில் வந்த லேப்டாப்களில் ஒன்று அக்கவுன்ட்ஸ் அக்காவுக்குப் போனது. சாயங்காலமானால் நெற்றியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். ஒரு நாள், "தம்பி, உன்னோடதைக் கொஞ்ச நேரம் குடு, இதுல எழுத்தெல்லாம் துடிக்கிற மாதிரி இருக்கு" என்றார். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, விளக்கை அணைத்து, இரண்டிலும் வெள்ளைப் பக்கம் ஒன்றை முழுத் திரையில் திறந்து, பிரைட்னஸைப் பாதிக்கும் கீழே இறக்கினோம். போன் கேமராவில் ப்ரோ மோட், ஷட்டர் 4,000இல் ஒரு பங்கு நொடி. என்னுடையது சாதாரண வெள்ளையாகத் தெரிந்தது. அவருடையதில் மேலிருந்து கீழ்வரை கறுப்புப் பட்டைகள், வரிக்குதிரை மாதிரி, மெதுவாக ஊர்ந்துகொண்டிருந்தன. பிரைட்னஸை ஏற்ற ஏற்றப் பட்டைகள் மெலிந்து, உச்சியில் காணாமல் போயின. டிவைஸ் மேனேஜரில் பார்த்தால் இரண்டுக்கும் முதல் மூன்று எழுத்தே வேறு. "அப்ப எனக்குப் பைத்தியம் இல்லை" என்றார் அக்கா.

பட்டைகள் எதைச் சொல்கின்றன? போன் கேமரா படத்தை வரி வரியாக எடுக்கும், எனவே ஸ்கிரீன் அணைந்திருக்கும் நேரத்தில் எடுத்த வரிகள் கறுப்பாக விழும். அகலமான, அடர்ந்த பட்டை என்றால் வேகம் குறைவு, முழுதாக அணைகிறது, அதுதான் மோசம். நெருக்கமான மெல்லிய கோடுகள் என்றால் வேகம் அதிகம். மிக வேகமான பிடபிள்யூஎம் இந்தச் சோதனையில் சிக்காமலும் போகும், அது போனால் போகட்டும். அறையில் எரியும் எல்இடி பல்பும் மினுக்கும் என்பதால் விளக்கை அணைப்பது முக்கியம். ப்ரோ மோட் இல்லாத போன் என்றால் ஒரு பேனா போதும்: இருட்டில் வெள்ளைத் திரைக்கு முன்னால் அதை வேகமாக ஆட்டுங்கள். ஒரே மங்கலான விசிறியாகத் தெரிந்தால் நல்லது. தனித்தனிப் பேனாக்களாக அடுக்கித் தெரிந்தால், பிடபிள்யூஎம். கடையில் வாங்கும்போதும் இதைச் செய்யலாம், டிஸ்ப்ளேவுக்கு வைத்திருக்கும் பீஸில் செய்து பயனில்லை, உங்களுக்குத் தரப்போகும் பீஸைத் திறந்து செய்ய வேண்டும். கடைக்காரர் ஒரு மாதிரிப் பார்ப்பார், பார்க்கட்டும்.

வாங்கியாகிவிட்டது, பட்டை தெரிகிறது, என்ன செய்ய? முதலில் பிரைட்னஸை ஏற்றிக்கொண்டே போய்ப் பட்டை மறையும் இடத்தைக் கண்டுபிடியுங்கள். அங்கேயே நிறுத்திவிட்டு, வெளிச்சம் அதிகமாக இருந்தால் மென்பொருளில் குறையுங்கள், திரையின் மேல் ஒரு கறுப்பு மெல்லிய திரை போடுகிற மாதிரியான சின்ன ஆப்கள் இருக்கின்றன. கறுப்பும் வெள்ளையும் கொஞ்சம் மங்கும், பரவாயில்லை. ஏசுஸ் ஓஎல்இடி லேப்டாப்களில் இதையே 'ஃப்ளிக்கர் ஃப்ரீ டிம்மிங்' என்ற பெயரில் மைஏசுஸ் ஆப்பில் கொடுத்திருக்கிறார்கள். இன்டெல் கிராஃபிக்ஸ் என்றால் டிஸ்ப்ளே பவர் சேவிங், ஏஎம்டி என்றால் வேரி ப்ரைட் இரண்டையும் அணைத்துவிடுங்கள். திரையில் இருக்கும் படத்துக்கேற்ப வெளிச்சத்தைத் தானாக ஏற்றி இறக்கி பேட்டரியை மிச்சம் பிடிக்கும் வேலை அவற்றுடையது, வெள்ளைப் பக்கத்துக்கும் கறுப்புப் பக்கத்துக்கும் மாறி மாறிப் போகும்போது கண்ணைப் படுத்தும். விண்டோஸ் டிஸ்ப்ளே செட்டிங்கிலும் இதே போல உள்ளடக்கத்துக்கேற்ப பிரைட்னஸை மாற்றும் ஒரு டிக் இருக்கும். அதே செட்டிங்கில் அட்வான்ஸ்ட் டிஸ்ப்ளே பக்கத்தில் பிட் டெப்த் எவ்வளவு, டிதரிங் (மேலே சொன்ன, இல்லாத நிறத்தைக் காட்டும் தந்திரம்) ஓடுகிறதா என்றும் காட்டும், ஒரு முறை பார்த்துவையுங்கள். வீட்டிலோ அலுவலகத்திலோ ஒரே இடத்தில் உட்கார்ந்து வேலை என்றால், பிடபிள்யூஎம் இல்லாத ஒரு வெளி மானிட்டர் எல்லாவற்றையும்விடச் சுலபமான வழி.

கண்ணைக் காட்டுவது பற்றிச் சொல்கிறேன் என்றேன். போன், டிவி, பழைய லேப்டாப் எல்லாவற்றிலுமே வலிக்கிறது என்றால் பேனலைத் திட்டிப் பயனில்லை. ஸ்கிரீனைப் பார்க்கும்போது நாம் கண் சிமிட்டுவது குறைந்துவிடுகிறது, கண் காய்கிறது, எரிகிறது. நாற்பதைத் தாண்டியவர்களுக்குக் கிட்டத்தில் இருப்பதைப் பார்க்கும் திறன் தளரத் தொடங்கியிருக்கும், சின்ன எழுத்தைப் பார்க்கக் கண் தசை மல்லுக்கட்டும். இதெல்லாம் பேனல் லாட்டரியைவிடச் சாதாரணமாக நடப்பவை. குறிப்பிட்ட ஒரு லேப்டாப்பில் மட்டும், பக்கத்திலிருக்கும் அதே மாடலில் இல்லாமல், வலிக்கிறது என்றால்தான் மேலே சொன்ன வேலைகளில் இறங்க வேண்டும்.

அக்காவுக்கு வெளி மானிட்டர் வந்தது, அதோடு சரியாகிவிட்டது. பேனலையே மாற்றுவதும் முடியாத காரியமில்லை. சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் லேப்டாப் ஸ்கிரீன் மாற்றித் தருவது அன்றாட வேலை. ஆனால் "14 இன்ச் ஃபுல் ஹெச்டி" என்று மட்டும் சொன்னால் கையில் இருப்பதைப் போட்டுவிடுவார்கள், மறுபடியும் லாட்டரிதான். முழுப் பேனல் எண்ணைச் சொல்லிக் கேட்க வேண்டும். கனெக்டர் 30 பின்னா 40 பின்னா என்பதும் பொருந்த வேண்டும், சாதாரண 60 ஹெர்ட்ஸ் ஃபுல் ஹெச்டிக்குப் பெரும்பாலும் 30, டச் ஸ்கிரீனுக்கும் அதிக ரெஃப்ரெஷ் ரேட் உள்ளவற்றுக்கும் பெரும்பாலும் 40. திருகு மாட்டும் காதுகள் இருக்கும் பேனலா, ஒட்டும் பேனலா என்று கழற்றிப் பார்த்துச் சொல்வார்கள். வாரன்ட்டியில் இருந்தால் இதில் இறங்காதீர்கள்.

வாரன்ட்டியில் இருந்து, இப்போதைய ஸ்கிரீன் கண்ணுக்கு ஒத்துப்போகிறது என்றால் ஒரு வேலை செய்யுங்கள்: இன்றைக்கே அந்தப் பேனல் எண்ணை எடுத்து எங்கேயாவது எழுதி வையுங்கள். நாளை ஸ்கிரீன் உடைந்து சர்வீஸ் சென்டருக்குப் போனால், அவர்கள் பட்டியலில் அந்த மாடலுக்கு எழுதியிருக்கும் ஏதாவது ஒரு பேனலைத்தான் போடுவார்கள், எது என்று யாரும் சொல்ல மாட்டார்கள். வேலை முடிந்து வாங்கும்போது கவுன்டரிலேயே டிவைஸ் மேனேஜரைத் திறந்து பாருங்கள். மூன்று எழுத்து மாறியிருந்தால், கையெழுத்துப் போடும் முன் போன் கேமராவை எடுங்கள்.